போன் எடுக்காத புரோக்கர்

சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் பக்கம் பழைய தனி வீடு தேட ஆரம்பித்த பிறகு, என் போனில் 'புரோக்கர்' என்ற பட்டத்தோடு ஒரு பட்டாளமே சேர்ந்துவிட்டது. அரை கிரவுண்டு மனை, இரண்டு படுக்கையறை, மெயின் ரோட்டிலிருந்து நடக்கிற தூரம் என்று சொன்னால் போதும், "நம்மகிட்டயே இருக்கு சார், சனிக்கிழமை வாங்க" என்பார்கள். சனிக்கிழமை காலையில் கூப்பிட்டால் போன் அடித்துக்கொண்டே இருக்கும். வாட்ஸாப்பில் நீல டிக் விழும், பதில் வராது. ஆனால் அவருடைய ஸ்டேட்டஸில் வேறொரு வீட்டின் படம் புதிதாக ஏறியிருக்கும்.

அவருக்குப் பணம் எப்படி வருகிறது என்று யோசித்துப் பார்த்தால் பாதி எரிச்சல் அடங்கிவிடும். இங்கே ஒரு வீட்டை ஒரே புரோக்கரிடம் ஒப்படைப்பவர்கள் குறைவு. ஓனர் நாலு பேரிடம் சொல்லி வைப்பார். அவர்கள் ஆளுக்கு நாலு பேரிடம் சொல்வார்கள். கமிஷன் பெரும்பாலும் ஒரு சதவீதம், சிலர் இரண்டு கேட்பார்கள். அதுவும் கிரயம் முடிந்தால்தான் கைக்கு வரும். அதுவரை பெட்ரோல் செலவுகூட அவருடையதுதான். அதனால் இந்த வாரமே அட்வான்ஸ் போடுகிற பார்ட்டியின் பின்னால் போய்விடுகிறார்.

பதில் வராமல் போவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம், அவருக்கு ஓனரைத் தெரியாது என்பது. நடுவில் இன்னும் இரண்டு பேர் இருப்பார்கள், சாவி மூன்றாமவரிடம் இருக்கும். இப்போதெல்லாம் முதல் போனிலேயே கேட்டுவிடுகிறேன்: "ஓனர்கிட்ட நீங்களே பேசுறீங்களா, இல்ல நடுவுல ஆள் இருக்காங்களாண்ணே?" பாதிப் பேர் உள்ளதைச் சொல்லிவிடுகிறார்கள். மீதிப் பேரின் இழுவையிலேயே விடை தெரிந்துவிடும். இன்னொரு காரணம், வீடு கைமாறியிருக்கும் அல்லது ஓனர் விலையை ஏற்றியிருப்பார். அதைச் சொன்னால் நாம் வேறு ஆளிடம் போய்விடுவோமே என்று சும்மா இருந்துவிடுவார். அதற்கு நான் கண்டுபிடித்த மருந்து, 'இல்லை' என்பதை அவருக்குச் சுலபமாக்குவது. "லோன் பேங்கில் பேசியாச்சு. பதிவுச் செலவைத் தனியா வச்சிருக்கோம். ஞாயிறு பத்து மணிக்கு நானும் மனைவியும் வர்றோம். வீடு போயிடுச்சுன்னா 'இல்லை'ன்னு மட்டும் போடுங்க, வேற இருந்தா காட்டுங்க." இப்படி அனுப்பிய பிறகு பதில் வருவது கூடியது. பதிவுச் செலவைக் குறிப்பிடுவதிலும் காரணம் உண்டு. முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2 என ஒன்பது சதவீதத்தைக் கணக்கில் வைத்திருப்பவர் பொழுதுபோக்காக வீடு பார்க்க வரவில்லை என்று அவருக்குப் புரிகிறது.

நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று வாய் மூடுகிற இடம் ஒன்று உண்டு: சர்வே நம்பர் கேட்கும் இடம். அந்த நம்பரும் ஊர்ப் பெயரும் கிடைத்தால், பதிவுத்துறையின் இணையதளத்தில் காசில்லாமல் வில்லங்கம் பார்க்கலாம், வருவாய்த்துறையின் தளத்தில் பட்டாவைப் பார்க்கலாம். இரண்டிலும் உரிமையாளர் பெயர் இருக்கும். தன்னைத் தாண்டி ஓனரிடம் போய்விடுவோம் என்ற பயம் அவருக்கு. அது வீண் பயம் இல்லை, போகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் வீட்டைப் பார்த்து முடித்ததும், "இந்த வீடு முடிஞ்சா உங்க கமிஷன் உங்களுக்கு" என்று சதவீதத்தோடு வாட்ஸாப்பில் எழுதி அனுப்பிவிட்டுத்தான் பத்திர ஜெராக்ஸ் கேட்கிறேன். அன்று மாலையே ஜெராக்ஸ் வந்ததுண்டு. எழுதிக் கொடுத்த பிறகும் தர மறுத்தால் வீடு எவ்வளவு பிடித்திருந்தாலும் விட்டுவிடலாம். மறைப்பது கமிஷனுக்காக மட்டுமா என்ற சந்தேகம் வந்துவிடுகிறது.

நாள்கணக்கில் காணாமல் போனவர், "இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்கு, டோக்கன் போட்டுடுங்க சார்" என்று திடீரென்று விழித்துக்கொள்வதும் உண்டு. தூங்கினவர் எழுந்த சந்தோஷத்தில் அவருடைய ஜிபே எண்ணுக்குப் பணம் அனுப்பக் கூடாது. டோக்கன், வில்லங்கம் பார்த்த பிறகு, ஓனர் கைக்கு, ரசீதோடு.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் புகார் கொடு என்று நண்பர்கள் சொல்வார்கள். 2016ஆம் வருடச் சட்டப்படி, பதிவு செய்யப்பட்ட மனைப்பிரிவையோ அடுக்குமாடித் திட்டத்தையோ விற்றுக்கொடுக்கும் ஏஜென்டுகள் ரெராவில் பதிந்திருக்க வேண்டும். நீங்கள் புது ஃபிளாட் தேடினால் அந்தப் பதிவு எண்ணைக் கட்டாயம் கேளுங்கள். பழைய தனி வீட்டை மறுவிற்பனையில் காட்டுகிறவருக்கு அது பொருந்தாது. போன் எடுக்காததற்குத் தண்டனை எங்கேயும் கிடையாது.

காலம் பார்த்துக் கூப்பிடுவதும் பலன் தருகிறது. முகூர்த்த நாட்களில் அவர்கள் சார்பதிவாளர் அலுவலக வாசலில் இருப்பார்கள், அன்று முயற்சி செய்வதே வீண். ஆடியில் அட்வான்ஸ் கொடுக்கவே பலர் தயங்குவதால், ஆடிப்பெருக்கு போன்ற நாட்கள் நீங்கலாக, கையில் நேரம் இருக்கும். முதல் ரிங்கிலேயே எடுப்பார்கள். வீடு பார்ப்பதை ஆடியில் வைத்துக்கொண்டு பேச்சை ஆவணியில் முடிக்கலாம்.

அவர்களுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் நான் தெருத் தெருவாக நடந்தேன். எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, எந்த வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவில், எந்த வீட்டில் அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் இஸ்திரி வண்டிக்காரருக்குத் தெரியும். ஓனர் நம்பரே சில சமயம் அங்கே கிடைக்கும்.

அப்படி நேரடியாகப் பேசி முடிக்கும்போதுதான் பழைய புரோக்கர் வந்து நிற்பார்: "இந்த வீட்டை முதல்ல காட்டினதே நான்தானே?" சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். யார் எந்த வீட்டை எந்தத் தேதியில் காட்டினார் என்பது வாட்ஸாப்பில் எழுத்தாக இருந்தால் பேச்சு வளராது. வெளியிலிருந்து விலாசம் மட்டும் சொன்னவருக்கு ஒரு தொகை, உள்ளே அழைத்துப் போய் ஓனரிடம் உட்காரவைத்தவருக்கு முழுக் கமிஷன் என்று அக்ரிமென்ட் போடுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். கிரயத்தன்று அலுவலக வாசலில் வைத்துப் பேசினால் இரண்டு பேருக்கும் முழுசாகக் கொடுக்க வேண்டிவரும்.