கையெழுத்தின் விலை

வேலை இல்லை. ஒரு தொழில் தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம். தையல் கற்கலாம். மின்சார வேலை கற்கலாம். குழாய் வேலை கற்கலாம். ஆனால் கற்றுக்கொள்ளப் பணம் வேண்டுமே!

இப்படி நினைத்து நம்மில் பலர் பேசாமல் இருந்துவிடுகிறோம்.

வேலை இல்லாதவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க அரசு பணம் ஒதுக்குகிறது. பல ஆண்டுகளாக ஒதுக்கி வருகிறது. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? யார் கைக்குப் போகிறது? நமக்கு என்ன கிடைக்க வேண்டும்? இந்தப் பாடத்தில் தெரிந்துகொள்வோம்.

1. முத்தம்மாவும் ராணியும்

முத்தம்மா, ராணி என்று இரண்டு பெண்களை நினைத்துக்கொள்வோம். முத்தம்மா மூத்தவர். ராணி இளையவர். இருவரும் மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர்கள். ஒரு நாள் இருவரும் பேசிக்கொள்கிறார்கள்.

ராணி: என்னக்கா, ரொம்ப சந்தோஷமா இருக்கீங்க?

முத்தம்மா: ஒருத்தர் வந்தார், ராணி. தையல் பயிற்சி நடக்குதாம். என் பேரை எழுதிக்கிட்டார். ஒரு நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார். 200 ரூபாய் கொடுத்தார்.

ராணி: பயிற்சி எந்த இடத்தில்? எப்போ தொடங்குது?

முத்தம்மா: நீங்க வரவே வேண்டாம், கையெழுத்து மட்டும் போதும்னு சொல்லிட்டார். வீடு தேடி வந்து பணம் கொடுக்கிறார். வேண்டாம்னு சொல்ல முடியுமா?

ராணி: ஏன் அக்கா, வராத ஆளுக்கு எதுக்குப் பணம் கொடுக்கணும்? நோட்டில் என்ன எழுதியிருந்தது? படிச்சீங்களா?

முத்தம்மா: படிக்கலையே. மேலே ஏதோ எழுதியிருந்தது. கீழே கோடு போட்டிருந்தது. அந்தக் கோட்டில் எழுதினேன்.

முத்தம்மா வாங்கிய 200 ரூபாய் வீட்டுக்கு உதவும். அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோட்டில் அவர் எழுதிய பெயருக்கு வேறு ஒரு விலை இருக்கிறது. அது என்ன?

2. பணம் யாருடையது?

சோப்பு வாங்குகிறோம். செருப்பு வாங்குகிறோம். அவற்றின் விலையோடு வரியும் சேர்த்துக் கொடுக்கிறோம். பணக்காரரும் கொடுக்கிறார். ஏழையும் கொடுக்கிறார். இப்படிச் சேரும் பணம் அரசிடம் போகிறது. அதில் ஒரு பகுதியைத் தொழிற்பயிற்சிக்கு அரசு ஒதுக்குகிறது.

ஆகவே இலவசப் பயிற்சி என்பது யாரோ போடும் பிச்சை அல்ல. அது நம் பணம். நம் உரிமை.

சில திட்டங்களில் மத்திய அரசும் மாநில அரசும் செலவைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. கிராமத்து ஏழை இளைஞர்களுக்கான ஒரு திட்டத்தில், பெரும்பாலான மாநிலங்களில் 100 ரூபாய்க்கு 60 ரூபாய் மத்திய அரசு கொடுக்கும். 40 ரூபாய் மாநில அரசு கொடுக்கும். வடகிழக்கு மாநிலங்களிலும் இமயமலை மாநிலங்களிலும் மத்திய அரசின் பங்கு 90 ரூபாய்.

3. பயிற்சிக்கு மூன்று வாசல்கள்

1979-ஆம் ஆண்டு மத்திய அரசு 'டிரைசெம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. கிராமத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களின் இளைஞர்களுக்கு அது தொழில் கற்றுக்கொடுத்தது. வயது 18 முதல் 35 வரை. பயிற்சிக் காலத்தில் உதவித்தொகையும் கொடுத்தார்கள். 1999-இல் அந்தத் திட்டம் வேறொரு திட்டத்தோடு சேர்ந்துவிட்டது.

இன்று பல திட்டங்கள் உள்ளன. அவற்றில் மூன்றைப் பார்ப்போம்.

முதல் வாசல்: ஜன் சிக்ஷன் சன்ஸ்தான். 'மக்கள் கல்வி நிலையம்' என்பது இதன் பொருள். இதன் வேர் பம்பாயில் இருக்கிறது. 1967-இல் அங்கே வொர்லி பகுதியில் தொழிலாளர்களுக்காக 'சிரமிக் வித்யாபீடம்' என்ற நிலையம் தொடங்கியது. பிறகு பல ஊர்களுக்கும் பரவியது. 2000-இல் பெயர் மாறியது. இதை நடத்துவது தொண்டு நிறுவனங்கள். பணம் கொடுப்பது மத்திய அரசு.

இந்த நிலையம் நம்மைப் போன்றவர்களுக்கே ஏற்பட்டது. எழுத்தறியாதவர் சேரலாம். புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர் சேரலாம். பள்ளியைப் பாதியில் விட்டவரும் சேரலாம். வயது 15 முதல் 45 வரை. பெண்களும், தாழ்த்தப்பட்டோரும், பழங்குடியினரும், மாற்றுத்திறனாளிகளும் கட்டணம் கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டாம் வாசல்: கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம். சுருக்கமாக 'ஆர்செட்டி' என்பார்கள். கர்நாடகத்தில் உஜிரே என்ற ஊரில் 1982-இல் இப்படி ஒரு நிலையம் தொடங்கியது. தர்மஸ்தலத்தைச் சேர்ந்த அறக்கட்டளையும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து அதை நடத்தின. அதைப் பார்த்து, மாவட்டத்துக்கு ஒரு நிலையம் வேண்டும் என்று மத்திய அரசு 2009-இல் திட்டம் போட்டது. நிலையத்தை வங்கி நடத்துகிறது. கட்டடத்துக்கு மத்திய அரசு பணம் கொடுக்கிறது. கிராமத்து ஏழைகளின் பயிற்சிச் செலவையும் அரசு ஏற்கிறது.

இங்கே பயிற்சி இலவசம். தங்கிப் படிப்பவருக்குச் சாப்பாடும் இடமும் இலவசம். சொந்தத் தொழில் செய்ய விரும்புகிறவருக்கு இது ஏற்ற இடம். பயிற்சி முடிந்த பிறகும் இரண்டு ஆண்டு வரை நிலையத்தார் தொடர்பில் இருக்க வேண்டும். வங்கிக் கடன் பெறவும் வழி காட்ட வேண்டும்.

மூன்றாம் வாசல்: தீன் தயாள் உபாத்யாய கிராமீன் கௌசல்ய யோஜனா. பெயர் நீளம். பொருள் எளிது. கிராமத்து ஏழை இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து, சம்பள வேலையில் சேர்த்துவிடும் திட்டம் இது. 2014-இல் தொடங்கியது. வயது 15 முதல் 35 வரை. பெண்களுக்கு 45 வரை. மேலே 60 ரூபாய், 40 ரூபாய் என்று பார்த்தோமே, அது இந்தத் திட்டம்தான்.

பயிற்சி பெற்ற எல்லாருக்கும் வேலை கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது. பயிற்சி நாட்களில் கூலி வேலைக்குப் போக முடியாது. அந்த வருமானம் குறையும். இதையும் யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எத்தனை நாள் பயிற்சி? உதவித்தொகை உண்டா? பஸ் செலவு கொடுப்பார்களா? இவற்றை முதலிலேயே கேட்க வேண்டும்.

4. கணக்குப் போடுவோம்

பல திட்டங்களில் அரசு தானே பயிற்சி நடத்துவதில்லை. தனியார் நிறுவனம் நடத்துகிறது. எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை மணி நேரம் படித்தார்கள் என்று கணக்குப் பார்த்து அரசு பணம் கொடுக்கிறது.

2015-இல் மத்திய அரசு இதற்குப் பொது விதி ஒன்று செய்தது. தொழில்களை மூன்று வகையாகப் பிரித்தது. ஒருவருக்கு ஒரு மணி நேரப் பயிற்சிக்கு இவ்வளவு என்று தொகை வைத்தது.

முதல் வகை: 38 ரூபாய் 50 காசு.
இரண்டாம் வகை: 33 ரூபாய்.
மூன்றாம் வகை: 27 ரூபாய் 50 காசு.

பிறகு இந்தத் தொகை உயர்த்தப்பட்டது. நாம் கணக்குப் பழகுவதற்காக 2015-இன் இரண்டாம் வகைத் தொகையை எடுத்துக்கொள்வோம்.

ஒரு பயிற்சி 300 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு எவ்வளவு?

33 × 300 = 9,900 ரூபாய்.

வகுப்பில் 30 பேர் என்றால்?

9,900 × 30 = 2,97,000 ரூபாய்.

இந்தப் பணத்தை ஒரே தடவையில் கொடுப்பதில்லை. 2015-இன் விதிப்படி மூன்று தவணை. ஒருவருக்கான கணக்கு இது:

வகுப்புத் தொடங்கும்போது 100-க்கு 30 பங்கு. அதாவது 2,970 ரூபாய்.
தேர்வில் தேறிச் சான்றிதழ் பெற்றால் 100-க்கு 50 பங்கு. அதாவது 4,950 ரூபாய்.
வேலை கிடைத்ததைப் பார்த்து 100-க்கு 20 பங்கு. அதாவது 1,980 ரூபாய்.

மொத்தம் 9,900 ரூபாய்.

இப்போது முத்தம்மாவை நினைத்துப் பாருங்கள். வகுப்புக்கு வராத 10 பேரிடம் ஒருவர் கையெழுத்து வாங்குகிறார். ஆளுக்கு 200 ரூபாய் கொடுக்கிறார். அவருக்குச் செலவு 2,000 ரூபாய். பொய்க் கணக்குக் காட்டி மூன்று தவணையும் வாங்கிவிட்டால், வரவு 99,000 ரூபாய்!

முத்தம்மாவின் கையெழுத்து 200 ரூபாய் பெறுமானம் உள்ளதா? இல்லை. அது 9,900 ரூபாய் பெறுமானம் உள்ளது. அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. அந்தப் பணத்தில் அவர் கற்றிருக்க வேண்டிய தொழில்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பெயரோடு ஆதார் எண்ணும் பதிவாகிவிடும். நாளைக்கு முத்தம்மா உண்மையாகவே தையல் கற்கப் போகலாம். "நீங்கள்தான் ஏற்கெனவே பயிற்சி முடித்துவிட்டீர்களே!" என்று கணினி சொல்லலாம். கற்காத தொழிலைக் கற்றதாக அவர் பெயரில் எழுதியிருக்கும்.

5. கையெழுத்துப் போடும் முன்

முன்பு நாம் கைநாட்டு வைத்தோம். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. இன்று படிக்கத் தெரியும். படிக்காமல் கையெழுத்துப் போட்டால் அதுவும் கைநாட்டுத்தான்.

இன்று பல இடங்களில் கருவியில் விரல் வைக்கச் சொல்கிறார்கள். அதன் மூலம் வருகையைப் பதிவு செய்கிறார்கள். அங்கே விரல் வைப்பதும் கையெழுத்துப் போடுவதும் ஒன்றே. எதற்காக என்று கேட்ட பிறகே விரல் வைக்க வேண்டும்.

பயிற்சியில் சேரும்போது இவற்றைக் கேளுங்கள்:

திட்டத்தின் பெயர் என்ன?
நடத்தும் நிறுவனம் எது?
எத்தனை நாள்? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?
கட்டணம் உண்டா? உண்டு என்றால் ரசீது கொடுப்பீர்களா?
உதவித்தொகை, சீருடை, புத்தகம், கருவிகள் உண்டா?
தேர்வும் சான்றிதழும் உண்டா?

பதில்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தேதியும் போடுங்கள்.

இவற்றைச் செய்யாதீர்கள்:

காலியாக உள்ள காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.
வராத நாளுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.
வாங்காத பணத்துக்கு, வாங்கியதாகக் கையெழுத்துப் போடாதீர்கள்.
வேலை கிடைக்காமல், கிடைத்ததாக எழுதிக் கொடுக்காதீர்கள்.
வங்கிப் புத்தகத்தையும் ஏ.டி.எம். அட்டையையும் யாரிடமும் விட்டுவைக்காதீர்கள்.
"இடம் வாங்கித் தருகிறேன்" என்று சொல்லும் புரோக்கரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

6. கேட்க நமக்கு உரிமை உண்டு

2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. நம் வட்டாரத்தில் எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தார்கள்? எவ்வளவு பணம் செலவானது? எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது? அந்தச் சட்டப்படி இவற்றை எழுதிக் கேட்கலாம்.

மத்திய அரசு அலுவலகத்துக்கு மனு எழுதினால் கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர் அதற்கான சான்றை வைத்தால் கட்டணம் இல்லை. 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும்.

தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால், பத்துப் பேர் சேர்ந்து கேளுங்கள். கிராம சபையில் கேளுங்கள். மகளிர் குழுவில் பேசுங்கள். தவறு நடந்தால் மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதுங்கள். மனுவின் நகல் ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

நினைவில் வைப்போம்

பயிற்சிக்கு அரசு கொடுப்பது நம் பணம்.
நம் பெயரைக் காட்டித்தான் அந்தப் பணம் வாங்கப்படுகிறது.
படித்த பிறகே கையெழுத்து. பெற்ற பிறகே கையெழுத்து.

கடினச் சொற்கள்

உதவித்தொகை – பயிற்சிக் காலத்தில் கைச்செலவுக்குக் கொடுக்கும் பணம்
தவணை – பகுதி பகுதியாகக் கொடுப்பதில் ஒரு பகுதி
சான்றிதழ் – படித்துத் தேறியதற்கு அடையாளமான தாள்
நகல் – அதே போன்ற இன்னொரு தாள்

பேசுவோம்

1. முத்தம்மா அந்த 200 ரூபாயை இப்போது என்ன செய்யலாம்? யாரிடம் போய்ச் சொல்லலாம்?
2. கூலி வேலையை விட்டுவிட்டு ஒரு மாதம் பயிற்சிக்குப் போக உங்களால் முடியுமா? முடியாது என்றால் அரசு என்ன செய்ய வேண்டும்?
3. உங்கள் மாவட்டத்தில் ஆர்செட்டி எங்கே இருக்கிறது? வங்கியில் கேட்டு வந்து வகுப்பில் சொல்லுங்கள்.

கணக்கு

ஒரு பயிற்சி 200 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு ஒருவருக்கு 33 ரூபாய். வகுப்பில் 20 பேர். அரசு கொடுக்கும் மொத்தத் தொகை எவ்வளவு?

எழுதுவோம்

கீழே உள்ள மனுவைப் பாருங்கள். கோடிட்ட இடத்தை நிரப்பி, உங்கள் நோட்டில் எழுதுங்கள். எழுதியதை ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

ஐயா / அம்மா,
என் பெயர் ________. என் வயது ________. நான் ________ ஊரில் வசிக்கிறேன். எனக்கு இப்போது வேலை இல்லை. ________ தொழில் கற்க விரும்புகிறேன். அடுத்த பயிற்சி எப்போது தொடங்கும் என்றும், என்னென்ன தாள்கள் கொண்டு வர வேண்டும் என்றும் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
________
தேதி: ________