செம்மண் கிணறு ஏன் சரிகிறது?

நம்பிக்கை: கடப்பாரைக்கே அசையாத செம்மண்ணுக்குக் கல்கட்டு எதற்கு?

உண்மை: ராசிபுரம், ஆத்தூர் பக்கத்துக் கிணறுகளில் மேலே செம்மண், அடுத்து மக்கிய பாறை, அதன்கீழ் கெட்டிப் பாறை. கெட்டிப் பாறை பெரும்பாலும் தானே நிற்கும். மண்ணோ கோடையை நம்பி நிற்கிறது. துகள்களின் இடுக்கில் மிஞ்சிய சொற்ப ஈரம் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. ஐப்பசி அடைமழையில் இடுக்குகள் நிரம்பியதும் அந்தப் பிடி விட்டுப்போகிறது.

நம்பிக்கை: நனைந்த மண் கனம் தாங்காமல் சரிகிறது.

உண்மை: கனம் கூடுவது நிஜம்தான், ஆனால் பெரிய காரணம் வேறு. கன மீட்டருக்கு 1.6 டன் எடையுள்ள காய்ந்த மண்ணில், 3 மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டர் மேல் 4.8 டன் இறங்குகிறது. தரைவரை நீர் ஏறி நின்றால் அது 6 டன் ஆகும். அதில் 3 டன்னை நீரே தாங்கிக்கொள்கிறது. துகளுக்குத் துகள் கடத்துவது மீதி 3 டன் மட்டுமே. துகள்களை நழுவவிடாத உராய்வு இந்த மீதியைப் பொறுத்தது. சுமை ஏறியும் உறுதி இறங்குவது அதனால்தான். 1920களில் பொறியாளர் கார்ல் டெர்சாகி கண்டுசொன்ன இந்தக் கழித்தல் கணக்கின்மேல்தான் இன்றைய மண் பொறியியல் நிற்கிறது.

நம்பிக்கை: அந்த 3 டன், துகள்கள் தொடும் இடத்தில் உள்ள அழுத்தம்.

உண்மை: இல்லை. பொறியியல் மாணவர்களே இங்கு குழம்புவதுண்டு. ஒவ்வொரு தொடுபுள்ளியிலும் விசையின் அளவு வேறு, திசை வேறு. அத்தனையையும் கூட்டி, வெற்றிடத்தையும் சேர்த்த முழுப் பரப்பால் வகுத்த சராசரியே அந்த 3 டன். இந்தச் சராசரிக்குப் பெயர்தான் தகைவு. ஊசிமுனை போன்ற தொடுபுள்ளியில் உண்மை அழுத்தம் பல மடங்கு அதிகம். மண்ணை இடைவெளியற்ற ஒரே பொருளாகப் பாவிப்பதும், துகளைவிட மிகப் பெரிய பரப்பை எடுத்துக்கொண்டால்தான் செல்லும். பருக்கைக்கல் கலந்த மண்ணுக்கு இன்னும் பெரிய பரப்பு வேண்டும். துகள் துகளாகவே கணினியில் கணக்கிடும் முறையை கண்டால், ஸ்ட்ராக் என்ற இரு ஆய்வாளர்கள் 1979இல் வெளியிட்டார்கள். அங்கும் தகைவு வேண்டுமென்றால் சராசரிதான் எடுக்க வேண்டும்.

நம்பிக்கை: மழை விட்டால் ஆபத்து தீர்ந்தது.

உண்மை: நிரம்பிய கிணற்றை மோட்டார் போட்டு ஒரே மூச்சில் இறைப்பதுதான் மிக மோசம். உள்ளிருந்து சுவரைத் தாங்கிய நீர் போய்விடும். மண்ணுக்குள் இருக்கும் நீர் அவ்வளவு வேகமாக வடியாது. நீர்மட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு இறக்குங்கள். கல்கட்டில் கசிவுத் துளைகள் அடைபட்டிருந்தால், இறைக்கத் தொடங்கும் முன்பே திறந்துவிடுங்கள்.