மலைக்கு வரும் ஆய்வுக்கூடம்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் ஒருவருக்குக் கடுங்காய்ச்சல் கண்டால், அது என்ன காய்ச்சல் என்பதை விரைவாக அறிய வேண்டும். இரத்த மாதிரியோ சளி மாதிரியோ மலையிறங்கித் தொலைவிலுள்ள ஆய்வுக்கூடத்திற்குச் சென்றால், முடிவு வரச் சில நாள்கள் ஆகலாம். அதற்குள் நோய் குடும்பத்தாருக்கும் பரவக்கூடும்.

தாமதத்தின் விலையை நம் நாடு அறியும். 1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில், இம்மலையின் அடிவாரப் பகுதியான ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில் தொழிலாளர்கள் நோயுற்றனர். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எனக் கருதி, புகை அடித்தனர், தடுப்பூசி போட்டனர். நோயோ நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சுவா காவ் பிங், இது வேறொரு புதிய நச்சுயிரி என்று கண்டறிந்தார். சுங்கை நிப்பா என்னும் கிராமத்தின் பெயரால் அது ‘நிப்பா’ எனப்பட்டது. மலேசியாவில் அதற்குப் பலியானோர் 105 பேர்.

இன்று கையடக்க மூலக்கூற்றுக் கருவிகள் வந்துள்ளன. நச்சுயிரியின் மரபுப் பொருள் மாதிரியில் மிகச் சிறிய அளவே இருக்கும். கருவி அதன் ஒரு பகுதியை ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருக்குகிறது. முப்பது முறை இரட்டித்தால் ஒரே படி நூறு கோடியைத் தாண்டிவிடும். அப்போது அதை ஒளியால் அடையாளம் காணலாம். இந்தியாவில் உருவான ‘ட்ரூநாட்’ கருவி மின்கலத்தில் இயங்குவது. கோவிட்-19 பெருந்தொற்றின்போது அங்குப் பரிசோதனைக்குப் பயன்பட்டது. இத்தகைய கருவிகள் பல, ஓரிரு மணி நேரத்தில் முடிவைத் தந்துவிடும்.

ஆயினும், கருவி எந்த நச்சுயிரியைத் தேடும்படி அமைக்கப்பட்டதோ அதை மட்டுமே தேடும். 1998இல் இக்கருவி இருந்திருந்தாலும், யாரும் அறியாத நிப்பாவை அது காட்டியிருக்காது. பண்ணைத் தொழிலாளர்களே மிகுதியாக நோயுறுவதையும், தடுப்பூசி போட்டவர்களும் விழுவதையும் கவனித்த மனிதர்களே ஐயம் கொண்டனர்.

எனவே, கருவி மலைக்கு வந்தாலும் நமக்கொரு கடமை உண்டு. காய்ச்சல் தொடங்கிய நாள், வேலை செய்த இடம், தொட்டுப் பழகிய விலங்குகள் ஆகியவற்றை மருத்துவரிடம் மறைக்காமல் கூற வேண்டும். எதைத் தேடுவது என்னும் முடிவு அங்கிருந்துதான் பிறக்கிறது.