கைப்பேசியும் கல்லாப்பெட்டியும்: சிறுகடைகளைப் பற்றிய சில நம்பிக்கைகள்

வாங்குபவருக்குப் பயன்படும் செய்தியைக் காசு வாங்காமல் கொடுத்து, அதனால் விளையும் நம்பிக்கையின் வழியே அவரைக் கடைக்கு வரவைக்கும் முறைக்கு உள்ளடக்கச் சந்தைப்படுத்தல் என்று பெயர். 'எங்களிடம் வாங்குங்கள்' என்பது விளம்பரம். 'எங்கே வாங்கினாலும் இதைப் பார்த்து வாங்குங்கள்' என்பது உள்ளடக்கம். சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையிலிருந்து திருப்பதிச் சாலை பிரிகிற, ஆந்திரத்தின் நாயுடுபேட்டை போன்ற ஊரில், முதலாளியே சரக்கை இறக்கிவைத்துவிட்டுக் கல்லாவிலும் உட்கார வேண்டிய கடைகளில், இதைப் பற்றி நிலவும் நம்பிக்கைகள் பலவும் பெரிய நிறுவனங்களைப் பார்த்து உண்டானவை.

நம்பிக்கை: இது இணையத்தோடு பிறந்த உத்தி.

உண்மை: சென்னையில் கேசரி குடீரம் என்ற மருந்து நிலையத்தை நடத்தி, பெண்களுக்கான 'லோத்ரா' மருந்தை விற்றுவந்த டாக்டர் கே.என். கேசரி, 1928-இல் 'கிருகலட்சுமி' என்ற தெலுங்குப் பெண்கள் மாத இதழைத் தொடங்கினார். மருந்தின் விளம்பரம் அதில் இடம்பெற்றது என்றாலும், பெண்கள் அதை வாங்கியது படிப்பதற்காகவே. மொழிப்பற்றும் சமூக அக்கறையும் கலந்த அம்முயற்சியை வெறும் வியாபாரத் தந்திரம் என்று சுருக்குவது நியாயமாகாது. ஆனால் மருந்தை வாங்கக்கூடியவர் யாரோ, அவருக்கே படிக்க ஏதேனும் கொடுத்ததில்தான் அதன் சூட்சுமம் இருந்தது. அதற்கு அன்று அச்சகமும் காகிதமும் வேண்டியிருந்தன. இன்று கைப்பேசி போதும்.

நம்பிக்கை: தினமும் ஏதாவது போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், தொழில் நுணுக்கத்தை மட்டும் வெளியே சொல்லக் கூடாது.

உண்மை: இரண்டுமே தலைகீழானவை. தினமும் போடும் 'காலை வணக்கம்' படம் எந்தக் கடையின் சரக்கையும் விற்றதில்லை. மாறாக, கடைக்கு வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் பத்துக் கேள்விகளைப் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்துவைத்து, வாரத்துக்கு ஒன்றாகப் பதில் சொன்னால், இரண்டு மாதத்துக்கு மேல் வேறெதுவும் தேட வேண்டியதில்லை.

பக்கத்திலுள்ள வெங்கடகிரியின் சேலைகளை விற்கும் கடையை எடுத்துக்கொண்டால், 'கைத்தறியா, விசைத்தறியா?' என்பதே அங்கே முதல் கேள்வியாக வரும். வெங்கடகிரி ஜாம்தானி நெசவில், பாவு நூல்களுக்கிடையே கூடுதல் ஊடை நூலைக் கையால் கோத்துப் புட்டா என்னும் பூவேலையை உருவாக்குவதால், துணியைத் திருப்பினாலும் பூ ஏறக்குறைய அதே வடிவத்தில் தெரியும். விசைத்தறிப் போலியிலோ ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு ஓடிய நூலை வெட்டிவிட்ட தும்புகள் பெரும்பாலும் பின்பக்கத்தில் கைக்குத் தட்டுப்படும். முந்தானையைத் திருப்பி, விரலால் தடவிக் காட்டும் அரை நிமிடக் காணொளிக்குச் செலவு கிடையாது. இதைச் சொல்லிக்கொடுத்தால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார் என்ற அச்சம் வீண். போனாலும் அங்கே அவர் முதலில் சேலையைத் திருப்பித்தான் பார்ப்பார், பார்க்கும்போது சொல்லிக்கொடுத்தவரின் நினைவு வரும். போலியை அசல் என்று விற்பவருக்கு மட்டுமே இதனால் நஷ்டம்.

நம்பிக்கை: ஆயிரக்கணக்கானோர் பார்த்தால் வியாபாரம் கூடும்.

உண்மை: பார்ப்பவர் கௌஹாத்தியில் இருந்தால் கூடாது. சிறுவணிகருக்கென 2018-இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில், ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியல் உண்டு. கடையின் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்துவைத்தவருக்கு மட்டுமே அச்செய்தி போய்ச் சேரும் என்பதால், பில் போடும்போது 'எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள்' என்று கேட்டுப் பெறும் ஐம்பது பேர், முகமறியா ஐயாயிரம் பார்வைகளைவிட மேல்.

நம்பிக்கை: காணொளி இல்லாவிட்டால் எதுவும் இல்லை.

உண்மை: கூகுள் வரைபடத்தில் இலவசமாகப் பதியக்கூடிய கடை விவரமும் உள்ளடக்கமே. 2022 ஏப்ரலில் நாயுடுபேட்டை நெல்லூர் மாவட்டத்திலிருந்து புதிய திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. பழைய மாவட்டப் பெயரோடும், எடுக்கப்படாத தொலைபேசி எண்ணோடும், மதியம் கடை அடைக்கும் நேரம் குறிக்கப்படாமலும் நிற்கும் பதிவைத் திருத்த ஒரு மணி நேரம் போதும். தெலுங்கில் எழுதிய விவரத்துக்குக் கீழே தமிழிலும் இரண்டு வரி சேர்த்தால், எல்லைக்கு அப்பாலிருந்து வண்டியில் வருகிறவருக்கும் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது தெரியும்.