செயல்முறையை வரையும் மொழியைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு நிறுவனத்தின் பணி எங்கே தொடங்கி, யார் யார் கைகளைக் கடந்து, எவ்வாறு முடிகின்றது என்பதைக் குறிகளால் வரைந்து காட்டும் முறையைச் செயல்முறை வரைமொழி எனலாம். இத்தகைய மொழிகள் பல உள்ளன. இவற்றுள் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதால் பயனில்லை. படிப்பவர் யார், அவருக்கு எந்த வினாவிற்கு விடை வேண்டும் என்பவற்றை முதலில் தீர்மானிக்க வேண்டும். மும்பையில் நடைபெற்று வரும் ஒரு பணியைக் கொண்டு இதனை விளக்குவோம்.

உணவு டப்பாவின் மேல் ஒரு மொழி

மகாதேவ் ஹவாஜி பச்சே என்பவர் 1890-ஆம் ஆண்டில் தொடங்கியது டப்பாவாலாக்களின் பணி. செம்பூரிலோ மாட்டுங்காவிலோ ஒரு வீட்டில் காலையில் பெறப்பட்ட டப்பா ரயில் நிலையத்தை அடைகின்றது. அங்கே பகுதிவாரியாகப் பிரிக்கப்பட்டு, மின்சார ரயிலில் சென்று, இறங்கும் இடத்தில் மறுபடியும் பிரிக்கப்பட்டு, நண்பகலில் அலுவலகத்தைச் சேர்கின்றது. வெறும் டப்பா பிற்பகலில் திரும்புகின்றது.

அதன் மூடியில் சேரவேண்டிய பகுதியின் எண், கொண்டு சேர்ப்பவரின் எண், கட்டடத்தைக் குறிக்கும் எழுத்து, மாடியின் எண், புறப்பட்ட பகுதியைக் காட்டும் நிறம் அல்லது வடிவம் ஆகியவை உள்ளன. முழு முகவரி இல்லை. அதிகம் கல்வி பெறாதவரும் நெரிசலான நடைமேடையில் இதனைக் கண்ட அளவில் படித்துவிடுவார். எனினும், ‘இது எங்கே செல்லவேண்டும்?’ என்ற ஒரே வினாவிற்குத்தான் இக்குறிகள் விடை கூறும். ரயில் தாமதமானால் முடிவு செய்பவர் யார் என்பதை இவை கூறமாட்டா. அதற்கு வேறு மொழி தேவை.

மூன்று மொழிகள்

முதலாவது, செயல்முறைப் பட்டியல். இதனைப் பிராங்க், லில்லியன் கில்பிரத் தம்பதியர் 1921-இல் அமெரிக்காவில் அறிமுகப்படுத்தினர். அந்நாட்டு இயந்திரப் பொறியாளர் சங்கம் 1947-இல் வகுத்த முறையில் ஐந்தே குறிகள் உண்டு: வேலைக்கு வட்டம், நகர்வுக்கு அம்பு, சோதனைக்குச் சதுரம், சேமிப்புக்கு முக்கோணம், காத்திருப்புக்கு ஆங்கில ‘டி’ எழுத்து. நேரம் எங்கே வீணாகின்றது என்பதை இது தெளிவாகக் காட்டும்.

இரண்டாவது, 2004-இல் வெளியாகி, 2013-இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்ட பி.பி.எம்.என். இதில் ஒவ்வொருவரின் பொறுப்பும் தனித் தடமாக வரையப்படும். வழி பிரியுமிடத்தில் சாய்சதுரம் இருக்கும். ரயில் தாமதம் போன்ற இடையூறுகளையும் காட்டலாம். குறிகள் மிகுதியாதலால் பயிற்சி தேவை.

மூன்றாவது, ஜெர்மானிய அறிஞர் கார்ல் ஆடம் பெட்ரி 1962-இல் தம் ஆய்வேட்டில் அமைத்த பெட்ரி வலை. ஒருவருக்காக மற்றவர் காத்து, பணி முழுவதும் நின்றுபோகும் நிலை உண்டா என்பதை இதனால் கணித முறையில் ஆராயலாம். ஆனால் பணியாளர் இதனை எளிதில் படிக்க இயலாது.

தேர்ந்தெடுக்கும் சோதனை

நன்கறிந்த ஒரு பணியை இரண்டு மொழிகளில் வரைக. அப்பணியை அறியாத இருவரிடம் ஆளுக்கொரு படத்தைக் கொடுத்து, ‘அடுத்த வேலை யாது? பொறுப்பாளர் யார்? தடை நேர்ந்தால் செய்வது என்ன?’ என்று வினவுக. பின்னர் வேறு இருவரைக் கொண்டு மீண்டும் சோதிக்க. பிழையான விடைகள் எதில் குறைவோ அதுவே ஏற்றது. கற்பிக்க ஆகும் காலத்தையும், பணி மாறும்போது படத்தைத் திருத்துவது எளிதா என்பதையும் உடன் கணக்கிடுக.

மாணவர்க்குப் பயிற்சி

தாராவியின் கும்பார்வாடாவில் மண்பாண்டம் செய்யும் பணியை ஐந்து குறிகளால் வரையச் செய்க: மண்ணைப் பிசைதல், சக்கரத்தில் வனைதல், உலர்த்தல், சூளையிடல். மழைக்காலத்தில் எக்குறி நீளும் என்று கேட்க. உலர்வதற்காகக் காத்திருக்கும் நேரமே என்பதை மாணவர் தாமே காண்பர்.

பொருந்தாத மொழியில் வரைந்த படம் அலமாரியிலேயே தங்கிவிடும். பணி முழுவதும் சிலருடைய நினைவில் மட்டும் வாழும். அவர்கள் ஓய்வு பெறும் நாளில் அவ்வறிவும் அவர்களுடன் சென்றுவிடும். ஆகவே, படிப்பவரை வைத்தே மொழியைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.