கேட்டு எழுதுவதும் கேட்டுக்கொண்டே எழுதுவதும்

இசை எழுத்துக்குத் துணையா, பகையா? நம் விடுதியைப் பொறுத்தவரை இவ்வினாவுக்கு விடை முன்பே முடிவாகிவிட்டது. இரவு பத்து மணிக்குமேல் எந்த அறைக் கதவைத் திறந்தாலும், எழுதுகிறவர் காதில் இயர்போன் இருக்கும். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவனாகவே இருந்தேன்.

சென்ற ஆண்டு பொங்கல் விழாவுக்கென்று ஒரு கவிதை எழுதினேன். திரைப்பாடல்கள் இரவெல்லாம் காதில் ஒலிக்க, சொற்கள் மளமளவென்று வந்து விழுந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் அறைத்தோழரிடம் படித்துக் காட்டினேன். அவர் பாதியிலேயே சிரித்துவிட்டார். "மூன்று இடங்களில் வேறொருவர் பேசுகிறாரே!" என்றார். ஒப்பிட்டுப் பார்த்தோம், உண்மைதான். என் பானையில் பொங்கியது மற்றொரு பாடலாசிரியரின் அரிசி! கவிதையை விழாவில் படிக்காமலே மடித்து வைத்துவிட்டேன்.

அறிவியல் மாணவனாகையால் காரணத்தைத் தேடினேன். ஒரு வாக்கியத்தை அமைக்கும்போது அதன் சொற்களைச் சில விநாடிகள் நமக்குள்ளேயே ஒலித்து நிறுத்திக்கொள்கிறோம். அவ்வேளையில் பிறர் சொல் காதில் விழுந்தால், நாம் கவனியாவிட்டாலும் அது அவ்விடத்திற்குள் புகுந்துவிடுகிறது. 1989இல் சலாமே, பாட்லி என்னும் உளவியலார் இருவர் இதைப் பின்னணி இசையைக் கொண்டு சோதித்தனர். எண்களை வரிசை தவறாமல் நினைவில் நிறுத்தும் வேலையை, கருவியிசையைவிட வாய்ப்பாட்டே மிகுதியாகக் கெடுத்தது. எண்களுக்கே இக்கதியென்றால், சொல்லைத் தேடி அலைகிறவன் பாடு என்னவாகும்?

"மொசார்ட்டின் இசை அறிவை வளர்க்குமாமே!" என்று சிலர் கேட்கலாம். அந்நம்பிக்கைக்கு மூலம் 1993இல் வெளிவந்த ஓர் ஆய்வு. 36 கல்லூரி மாணவர்களைக் கொண்டு நடந்தது. உருவங்களை மனக்கண்ணில் மடித்தும் திருப்பியும் பார்க்கும் திறனில் சிறிது உயர்வு தெரிந்தது. கால் மணி நேரத்திற்குள் அதுவும் மறைந்தது. எழுத்தைப்பற்றி அவ்வாய்வு ஒன்றும் சொல்லவில்லை.

அப்படியானால் எழுதுகிறவன் இசையை விட்டே விலகவேண்டுமா? அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு கச்சேரி. 1939 முதல் இந்நகரில் ஸ்ரீராமசேவா மண்டலி இராமநவமி இசைவிழா நடத்திவருகிறது. சாமராஜப்பேட்டைக் கோட்டை உயர்நிலைப்பள்ளித் திடலில் நடந்த அவ்விழாவுக்குச் சென்றிருந்தேன். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை ஒன்று பாடப்பட்டது. அருகிலிருந்த கன்னடப் பெரியவர் பொருள் கேட்டார். எனக்குத் தெரிந்த கன்னடத்தில் நந்தனின் கதையைச் சொன்னேன். அன்றிரவு அதே நினைவுடன் பாரதியார் கவிதைகளைப் புரட்டியபோது, தேசிய கீதங்கள் சிலவற்றின் தலைப்பின்கீழ் ஒரு சிறு குறிப்பு கண்ணில் பட்டது: நந்தனார் சரித்திரத்தின் வர்ணமெட்டு!

சுதேசிக் கிளர்ச்சிக் காலத்தில் பாரதியார் செய்த வேலை அது. சிதம்பர தரிசனத்துக்கு விடை கேட்ட நந்தனை அவனுடைய ஆண்டை இகழ்ந்து பாடுவதாகப் பழைய கீர்த்தனை ஒன்று உண்டு. அம்மெட்டிலேயே, சுயராஜ்யம் கேட்ட பாரதவாசியை ஆங்கில அதிகாரி இகழ்கிறான். பழைய பல்லவி ஏளனமான ஒரு கேள்வியில் முடியும். புதிய பல்லவியும் அவ்வாறே முடிகிறது. மற்றொரு கீர்த்தனையில், நம் குலத்துக்கு இது தகுமா என்று நந்தனின் சுற்றத்தாரே அவனைத் தடுக்கிறார்கள். அம்மெட்டில் பாரதியார் நிதானக் கட்சியாரைத் திலகரிடம் பேசவைத்தார்.

இதன் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். நந்தன் கதையைக் காலட்சேபங்களில் கேட்டுப் பழகிய மக்கள் அவர்கள். மெட்டு தொடங்கியவுடனே அந்த அவமானமும் ஏக்கமும் அவர்கள் நெஞ்சில் எழுந்துவிடும். நாட்டின் நிலையும் நந்தனின் நிலையும் ஒன்றே என்று கவிஞர் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பாதியை மெட்டே சொல்லிவிடுகிறது. நானும் பிறர் பாட்டைத்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் எடுத்ததை அறியாமல் எடுத்தேன். அவரோ எதை எடுக்கிறோம், எதை மாற்றுகிறோம் என்று தெரிந்து எடுத்தார். மூலத்தையும் மறைக்காமல் தலைப்பின்கீழேயே குறித்தார்.

இப்படி எடுப்பதற்கு முதலில் நன்றாகக் கேட்டிருக்கவேண்டும். பாரதியார் (1882–1921) கேட்பதில் வல்லவர். வித்துவான்கள் ஊருக்கு ஊர் அதே சில பாட்டுக்களைத் திரும்பத் திரும்பப் பாடுவதைக் கண்டித்துக் கட்டுரை எழுதியவர். அவருடைய காது சபைகளோடு நின்றுவிடவில்லை. ஏற்றமிறைப்போர், நெல் குத்தும் பெண்கள், சுண்ணாம்பு இடிப்போர் ஆகியோரின் பாட்டுக்களில் நெஞ்சைப் பறிகொடுத்ததைக் குயில் பாட்டில் சொல்கிறார். குடுகுடுப்பைக்காரன் வாசலில் நின்று குறி சொல்லும் முறையை அப்படியே எடுத்து, நாட்டுக்கே நற்குறி சொல்லும் 'புதிய கோணங்கி'யைப் பாடினார். 1912இல் முதற்பாகம் வெளிவந்த பாஞ்சாலி சபதத்தில், மக்கள் காதுக்குப் பழகிய நொண்டிச்சிந்தைக் காவியத்துக்கு உரியதாக்கினார்.

ஆகவே நண்பர்களே, நான் கண்ட முடிவு இதுதான். கேட்டுக்கொண்டே எழுதினால் பிறர் சொல் நம் சொல்லாக வந்து விழுகிறது. ஊன்றிக் கேட்டுவிட்டுப் பிறகு எழுதினால் சொல் உதிர்ந்து சந்தம் தங்குகிறது. தங்கிய சந்தம் நம்மிடம் நமக்குரிய சொல்லைக் கேட்டு நச்சரிக்கிறது. அசை ஒன்று மிகுந்தாலும் இடிக்கிறது. அடித்துவிட்டு வேறு சொல் தேடவேண்டியிருக்கிறது. அந்தத் தேடலில்தான் எழுத்து பிறக்கிறது.

இப்போது எழுத உட்காரும்போது இயர்போனைக் கழற்றி வைத்துவிடுகிறேன். காலையில் விடுதிக்குப் பின்னுள்ள தெருவில் கீரைக்காரம்மா 'சொப்பு, சொப்பு' என்று கூவிச் செல்வார். முதற்சொல்லை நீட்டி, இரண்டாவதை வெட்டி நிறுத்துவார். அந்த ஏற்ற இறக்கத்தில் இவ்வாண்டுப் பொங்கலுக்கு எட்டே அடிகள் எழுதியிருக்கிறேன். அதற்குப் பதினொரு நாள் பிடித்தது. அறைத்தோழரிடம் படித்துக் காட்டினேன். இம்முறை அவர் சிரிக்கவில்லை. "இன்னொரு தரம் படியுங்கள்" என்றார்.