வரிசையைப் பிரியுங்கள், பூட்டு தானாக இளகும்

கோர்களை இரட்டிப்பாக்கியும் சர்வரின் வேகம் கூடவில்லை, சில நேரம் குறைந்தே போகிறது என்று புகார் வந்தால், அனுபவப்பட்ட லினக்ஸ் கெர்னல்காரர் முதலில் ‘பெர்ஃப் டாப்’ கட்டளையைத்தான் ஓட்டுவார். திரையின் உச்சியில் ‘க்யூட் ஸ்பின் லாக் ஸ்லோபாத்’ என்ற ஃபங்ஷன் உட்கார்ந்திருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது என்று அர்த்தம். சிபியுக்கள் முழு மூச்சாக உழைப்பதுபோல் எண்கள் காட்டும். உண்மையில் அவை ஒரு பூட்டுக்காகச் சுற்றிச் சுற்றிக் காத்துக்கொண்டிருக்கும்.

பணிவரிசைகள் இந்தச் சிக்கலுக்கு எளிதில் இரையாகின்றன. தூங்கும் பணியை எழுப்புவது, வரிசையில் சேர்ப்பது, அடுத்ததைத் தேர்ந்தெடுப்பது எல்லாமே பட்டியலைத் திருத்தும் வேலைகள். ரயில் நிலையத்தில் பத்து கவுன்டர்களைத் திறந்துவிட்டு, அத்தனைக்கும் பொதுவாக ஒரே பதிவேட்டை வைத்தால் எப்படியிருக்கும்? லினக்ஸ் 2.4 அப்படித்தான் இருந்தது. எத்தனை சிபியு இருந்தாலும் ரன்க்யூ, அதாவது ஓடத் தயாரான பணிகளின் வரிசை, ஒன்றுதான், பூட்டும் ஒன்றுதான். போதாததற்கு, அடுத்து ஓட வேண்டிய பணியைத் தேர்வு செய்ய, தயாராக நிற்கும் பணிகள் அனைத்தையும் பூட்டைப் பிடித்தபடியே ஒவ்வொன்றாக எடைபோட்டது.

2002 ஜனவரியில் இங்கோ மோல்னார் வெளியிட்ட ஓ(1) ஷெட்யூலர் இதை மாற்றியது. ஒவ்வொரு சிபியுவுக்கும் தனி ரன்க்யூ, தனிப் பூட்டு. பணிகள் எத்தனை இருந்தாலும் தேர்வுக்கு ஆகும் நேரம் ஒன்றே. பிறகு வந்த ஷெட்யூலர்கள் தேர்வு முறையை மாற்றினாலும், சிபியுவுக்கு ஒரு வரிசை என்ற அமைப்பைக் கைவிடவில்லை.

பூட்டையே வேகமாக்கிவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பாதையும் நடந்து பார்த்ததுதான். 2008-இல் வந்த டிக்கெட் ஸ்பின்லாக், முதலில் வந்தவருக்கு முதலில் என்ற நியாயத்தைக் கொண்டுவந்தது. ஆனால் காத்திருக்கும் எல்லோரும் ஒரே நினைவக இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தகைய பூட்டுகளில் சில கோர்களைக் கூடுதலாகச் சேர்த்த மாத்திரத்தில் செயல்திறன் திடீரெனச் சரிவதை எம்ஐடி ஆய்வாளர்கள் 2012-இல் விளக்கிக் காட்டினார்கள். 2015-இல் 4.2 பதிப்பில் சேர்ந்த க்யூஸ்பின்லாக், காத்திருப்பவர் ஒவ்வொருவரும் தனக்குரிய இடத்தைப் பார்த்து நிற்கும்படி செய்தது. சரிவு நின்றது. ஆனாலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போக முடியும். நல்ல பூட்டு நெரிசலைத் தாங்கும்; நெரிசலைக் குறைப்பது வரிசையின் வடிவமைப்பின் வேலை.

கை வைக்கும் முன் அளக்க வேண்டும் என்பதை நான் எப்போதும் முதலில் சொல்வேன். ‘லாக் ஸ்டாட்’ வசதியோடு கெர்னலைக் கட்டினால், எத்தனை முறை காத்திருக்க நேர்ந்தது, எவ்வளவு நேரம் காத்திருந்தது, எவ்வளவு நேரம் பூட்டு பிடிபட்டிருந்தது என்று தனித்தனியாகக் காட்டும். பிடித்திருக்கும் நேரம் நீளமா? உள்ளே நடக்கும் வேலையை வெளியே தள்ளுங்கள். பட்டியல் முழுவதையும் பூட்டுக்குள் ஒரே வீச்சில் உங்கள் சொந்தப் பட்டியலுக்கு மாற்றிக்கொண்டு, பூட்டை விட்டபின் ஒவ்வொன்றாகச் செய்யலாம். பிடிக்கும் நேரம் குறைவு, தடவைகள்தான் ஏராளமா? அப்போது வரிசையைப் பிரிப்பதே வழி.

பிரித்தபின் புதுச் சங்கடம் ஒன்று முளைக்கும். பணியை ஒரு வரிசையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற இரண்டு பூட்டுகளும் வேண்டும். இரண்டு சிபியுக்கள் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதன் பூட்டுக்காக நின்றால் இரண்டுமே நகராது. இதைத் தவிர்க்க ஓ(1) ஷெட்யூலர் நினைவக முகவரியில் சிறியதை முதலில் பூட்டியது. எந்த ஒழுங்கானாலும் எல்லா இடத்திலும் அதே ஒழுங்காக இருக்க வேண்டும்.

அடுத்தவர் பூட்டைத் தொடாமலே காரியத்தை முடிக்க முடிந்தால் இன்னும் நல்லது. 2011-இல் பீட்டர் சைல்ஸ்ட்ரா பணியை எழுப்பும் பாதையில் இதைக் கொண்டுவந்தார். எழுப்ப வேண்டிய பணி கேஷைப் பகிராத வேறொரு சிபியுவைச் சேர்ந்தது என்றால், அதன் ரன்க்யூவைப் பூட்டாமல், பூட்டில்லாப் பட்டியல் ஒன்றில் பணியைப் போட்டுவிட்டுக் குறுக்கீட்டுச் சமிக்ஞை அனுப்புகிறது கெர்னல். உரிய சிபியு தன் பூட்டைத் தானே பிடித்து, பட்டியலை மொத்தமாக வாரி எடுத்துக்கொள்கிறது. பட்டியல் காலியாக இருந்ததா என்பதைச் சேர்க்கும் ஃபங்ஷனே திருப்பிச் சொல்வதால், முதலில் போடுபவர் மட்டும் சமிக்ஞை அனுப்பினால் போதும். பூட்டும் மிச்சம், குறுக்கீடும் மிச்சம்.

பிரிப்பதிலும் அளவு வேண்டும். கெர்னலின் வொர்க்க்யூ பகுதியில் ஒரு காலத்தில் ஒவ்வொரு வரிசையும் சிபியுவுக்கு ஒரு த்ரெட் வைத்திருந்தது. சில கணினிகளில் பூட் ஆகும்போதே 32 ஆயிரம் செயல் எண்களும் (பிஐடி) தீர்ந்துபோயின. 2010-இல் டெஜுன் ஹியோ அதைப் பொதுத் தொழிலாளர் குழுக்களாக மாற்றினார். 2023-இல் வந்த 6.6 பதிப்பிலிருந்து, குறிப்பிட்ட சிபியுவோடு கட்டப்படாத வேலைகள், கடைசி நிலை கேஷைப் பகிரும் கோர்களுக்குள்ளேயே இயல்பாகப் பங்கிடப்படுகின்றன.

தனித்தனி வரிசைகளுக்கு இன்னொரு விலையும் உண்டு. ஒரு கோரில் கூட்டம் நெரியும்போது பக்கத்துக் கோர் சும்மா இருக்கக்கூடும். லினக்ஸ் ஷெட்யூலரில் இப்படிக் கோர்களை வீணாக்கிய நான்கு பிழைகளை 2016-இல் யூரோசிஸ் மாநாட்டுக் கட்டுரை ஒன்று அடையாளம் காட்டியது. ஆகவே பூட்டுக் காத்திருப்பு குறைந்ததோடு நிறுத்தாமல், எந்தக் கோராவது வேலையின்றி நிற்கிறதா என்றும் பாருங்கள்.

பூட்டு ஒழுங்கைச் சோதிக்கும் ‘லாக்டெப்’பை உருவாக்கும் கட்டத்தில் போட்டு வையுங்கள், வேகத்தை அளக்கும்போது அணைத்துவிடுங்கள், ஏனெனில் அதுவே வேகத்தைக் குறைக்கும். பேட்ச் அனுப்பும்போது பல சாக்கெட் சர்வரின் எண்களோடு நான்கு கோர் மடிக்கணினியின் எண்களையும் சேர்த்து அனுப்புங்கள். பெரிய இயந்திரத்துக்காகச் செய்த மாற்றம் சின்ன இயந்திரத்தை மந்தமாக்கியதா என்பதுதான் பராமரிப்பாளர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும்.